சொந்த ஊரில் நெருக்கடி, சிங்கப்பூரில் படிப்பு: பல்கலைக்கழகம் எதைச் செய்ய முடியும்?

2025 மே 22 அன்று, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு இருந்த அங்கீகாரத்தை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ரத்து செய்தது. மறுநாளே நீதிமன்றம் அதற்குத் தற்காலிகத் தடை விதித்தது. இடைப்பட்ட நேரத்தில், கட்டணம் கட்டி ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே தங்கலாமா கூடாதா என்பதே தெரியவில்லை. சிங்கப்பூரர்களும் அவர்களில் உண்டு.

அந்த நெருக்கடி படிக்கப் போன நாட்டில் வந்தது. சிங்கப்பூருக்குப் படிக்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நேர்மாறு: இங்கே எல்லாம் அமைதியாக இருக்கும், ஊரில்தான் எரியும். 2021இல் மியன்மாரில் இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு, 2022இல் இலங்கையில் பொருளாதார வீழ்ச்சி, 2024 ஜூலையில் பங்ளாதேஷில் மாணவர் போராட்டமும் கலவரமும். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எழுகிறது. "பல்கலைக்கழகம் நினைத்தால் அந்தப் பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்ளக் கூடாதா?" பாதி விஷயம் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது, பாதி இல்லை. எது எந்தப் பாதி என்பதில்தான் குழப்பம்.

முதலில் நான்கு சொற்கள்

1. மாணவர் அனுமதி அட்டை. இதைக் கொடுப்பது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம், அதாவது ஐசிஏ. பல்கலைக்கழகம் விண்ணப்பத்துக்குத் துணைநிற்கும், அவ்வளவுதான். படிப்பு முடிந்தாலோ நின்றுபோனாலோ 7 நாள்களுக்குள் அட்டையை ரத்து செய்ய வேண்டும்.

2. கல்விக் கட்டண மானியம். கல்வி அமைச்சு தருவது. இதைப் பெறும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்ததும் 3 ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். மீறினால் இழப்பீடு கட்ட வேண்டும்.

3. எம்ப்ளாய்மென்ட் பாஸ். பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து வேலைக்கு அமர்த்தும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் விரிவுரையாளர்களும் பொதுவாக வைத்திருப்பது. மனிதவள அமைச்சு தருகிறது. வேலை போனால் இதுவும் போகும்.

4. அகதித் தகுதி. சிங்கப்பூர் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்பாட்டிலோ 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ கையெழுத்திட்ட நாடு அல்ல. அடைக்கலம் கேட்டு விண்ணப்பிக்கும் வழி இங்கே கிடையாது.

நான்காவதுதான் மற்ற மூன்றின் எடையையும் கூட்டுகிறது. ஜெர்மனியிலோ கனடாவிலோ மாணவர் விசா முடிந்துபோனால், கடைசிக் கதவாக அகதி விண்ணப்பம் இருக்கிறது. இங்கே அது இல்லை. கையில் இருக்கும் அனுமதி அட்டையின் தேதிதான் ஒரே பிடிமானம். அதனால் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடிய பெரிய உதவி, தன் வசம் உள்ள தேதிகளைத் தள்ளிக்கொடுப்பது. உதவித்தொகை அறிவிப்பும் ஆறுதல் மின்னஞ்சலும் அதற்கு அடுத்தபடிதான்.

ஒரு தேதி தவறினால் மற்றவையும் சரியும்

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கம் வரை ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 200 இலங்கை ரூபாய் என்று நாணயம் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. பிடியைத் தளர்த்தியதும் மே மாதத்துக்குள் அது 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு குடும்பம் 10,000 சிங்கப்பூர் வெள்ளி கட்டணம் கட்ட வேண்டும் என்று வையுங்கள். பிப்ரவரியில் அதற்கு ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய் போதும். மே மாதத்தில் 26 லட்சம் வேண்டும். சம்பளமும் சேமிப்பும் மாறவில்லை. ரூபாய் இருந்தாலும், அதை வெளிநாட்டு நாணயமாக மாற்றி அனுப்புவதே அப்போது பெரும்பாடு.

சரி, பணம் தாமதமாகிறது. அப்புறம் என்ன நடக்கும்? கட்டண பாக்கி இருந்தால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாமல் போகலாம். பதிவு இல்லையென்றால் அவர் முழுநேர மாணவர் என்ற நிலை ஆட்டம் காணும். அந்த நிலை போனால் அனுமதி அட்டைக்கு அடிப்படை இல்லை. கொழும்பில் ஒரு வங்கி முகப்பில் தொடங்கிய சிக்கல், சிங்கப்பூரின் கிளமெண்டியில் விடுதி அறையைக் காலி செய்வதில் வந்து நிற்கிறது. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தன் தேதியைப் பார்த்தது.

பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். விடுமுறையில் அந்த வரம்பு இல்லை. சிராங்கூன் ரோட்டில் தெரிந்தவர் கடையில் இரவில் கூடுதலாக நான்கு மணி நேரம் நிற்பது உதவியாகத் தெரியும், ஆனால் சட்டப்படி அது வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்வது. இருக்கிற ஒரே அட்டையையும் அது பறித்துவிடும். வேலை கொடுத்தவருக்கும் சிக்கல். கருணையோடு வேலை கொடுக்க நினைக்கும் கடைக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பல்கலைக்கழகம் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியவை

1. கட்டணத் தேதி. தவணை முறை, தாமதக் கட்டணத் தள்ளுபடி, பாக்கி இருந்தாலும் பாடப் பதிவைத் தடுக்காமல் இருப்பது. மூன்றும் பல்கலைக்கழகமே எடுக்கும் முடிவுகள். இதில் அடிக்கடி இடறுவது சான்று கேட்கும் பழக்கம். வங்கிகள் முடங்கிய நாட்டிலிருந்து மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்கிறார்கள். ஊர் வெள்ளத்தில் மூழ்கியிருக்கும்போது வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள். நெருக்கடி எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கும்போது, ஒரு பக்கப் படிவமும் துறைப் பொறுப்பாளர் ஒருவரின் கையெழுத்தும் போதும் என்பது என் கருத்து. முதல் வாரத்தில் கிடைக்கும் 500 வெள்ளி, நான்காம் மாதம் ஒப்புதலாகும் 5,000 வெள்ளியைவிடப் பயனுள்ளது.

2. தேர்வுத் தேதி. நம் பகுதிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். இங்குள்ள பல்கலைக்கழகங்களின் முதல் பருவத் தேர்வுகள் நவம்பர் இறுதி, டிசம்பர் தொடக்கத்தில் நடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டையும் இலங்கையின் வடக்கு, கிழக்கையும் புரட்டிப்போடும் காலமும் அதுவே. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையே மூழ்கி, விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. தாம்பரத்தில் பெற்றோருக்குத் தொலைபேசி போகாத நிலையில் இங்கே ஒரு மாணவர் மூன்று மணி நேரத் தேர்வில் உட்கார வேண்டும். எழுதிவிடுவார், எப்படி எழுதுவார் என்பதுதான் கேள்வி. பிறகொரு நாளில் சிறப்புத் தேர்வு வைப்பது ஒரு வழி. மதிப்பெண் சராசரியில் சேராத 'தேர்ச்சி' என்று மட்டும் பதிவுசெய்யும் முறையை அந்தப் பாடத்துக்குத் திறந்துவிடுவது இன்னொரு வழி.

3. விடுதித் தேதி. பருவம் முடிந்ததும் பல விடுதிகளில் அறையைக் காலி செய்ய வேண்டும். ஊருக்குப் போக முடியாதவருக்கு அந்தச் சில வாரங்கள்தான் மிகக் கடினமானவை. எல்லாருக்கும் அறையை நீட்டிக்கச் சொல்லவில்லை. பத்து, இருபது அறைகளை ஒதுக்கிவைத்தாலே பெரும்பாலானோருக்குப் போதும்.

4. விடுப்பு. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மனம் உடைந்து வரும் மாணவரிடம் நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர் சொல்வது, "ஒரு செமஸ்டர் லீவு எடுத்துக்கோ, எல்லாம் சரியானதும் வா." உள்ளூர் மாணவருக்கு இது நல்ல அறிவுரை. வெளிநாட்டு மாணவருக்கு ஆபத்தாக முடியலாம். மாணவர் அனுமதி படிப்போடு கட்டுண்டது. ஒரு முழுப் பருவம் விடுப்பு என்றால், பொதுவாக அட்டையை ரத்து செய்துவிட்டு நாட்டைவிட்டுப் போக வேண்டியிருக்கும். போவது எங்கே? எந்த நெருக்கடியால் விடுப்பு கேட்டாரோ, அதற்குள்ளேயே. மியன்மாரைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக அறிவித்தார்கள். 18 முதல் 35 வயது வரையிலான ஆண்கள், 18 முதல் 27 வயது வரையிலான பெண்கள் அதில் வருவார்கள். அந்த வயதில் இருக்கும் ஒருவரை விடுப்பில் அனுப்புவது, திரும்பி வர முடியுமா என்று தெரியாத இடத்துக்கு அனுப்புவது.

இதற்கு மாற்று, முழுநேர மாணவர் என்ற நிலை கெடாதபடி சுமையைக் குறைப்பது. ஐந்து பாடத்துக்குப் பதில் மூன்று, கடினமான ஆய்வகப் பாடத்தை அடுத்த பருவத்துக்கு நகர்த்துவது, திட்டக் கட்டுரைக்குக் கெடு நீட்டிப்பது. குறைத்த சுமை அனுமதி அட்டையைப் பாதிக்குமா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்ட பிறகே ஆலோசகரும் துறையும் எதையும் பரிந்துரைக்க வேண்டும். துறையும் சர்வதேச மாணவர் அலுவலகமும் ஒரே மேசையில் உட்காராததால் கெட்டுப்போகும் விவகாரங்கள் நிறைய.

யாருக்குச் சிக்கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பல்கலைக்கழகங்கள் வழக்கமாகச் செய்வது: பாதிக்கப்பட்ட நாட்டின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மாணவர்களைப் பட்டியலிட்டு மின்னஞ்சல் அனுப்புவது. இது பாதிப் பேரை விட்டுவிடும். குவைத்திலோ ஷார்ஜாவிலோ பிறந்து வளர்ந்து, அங்கேயே பெற்றோர் வேலை பார்க்க, இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். அன்று வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த அவர்களின் பிள்ளைகள், எந்த அலுவலகப் பட்டியலிலும் 'குவைத்' என்ற தலைப்பின் கீழ் வந்திருக்கமாட்டார்கள். குடும்பம் எந்த நாட்டில் இருக்கிறது, கட்டணம் எந்த நாட்டு வங்கியிலிருந்து வருகிறது என்ற இரண்டு விவரங்களைச் சேர்க்கையின்போதே கேட்டுவைத்தால் இது தீரும்.

மாணவர் சங்கங்கள் வழியாகப் போவது இன்னொரு வழி. பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் மழை வெள்ளம் போன்ற நேரத்தில் ஒரு மணி நேரத்தில் ஆட்களைத் திரட்டிவிடும். ஆனால் நெருக்கடியே சமூகத்தைப் பிளப்பதாக இருந்தால் இந்த வழி வேலை செய்யாது. ஒரே நாட்டிலிருந்து வந்தவர்களில் ஒருவர் இராணுவ அதிகாரியின் பிள்ளை, இன்னொருவரின் அண்ணன் தலைமறைவு என்றால், சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் யார் வாய் திறப்பார்? அப்படிப்பட்டவருக்குத் தனியாக, பெயர் வெளியே போகாமல் பேச ஒரு பொறுப்பாளர் வேண்டும். அடுத்த முறை வேறொருவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வைக்காமல், கடைசிவரை அதே ஆள் இருக்க வேண்டும்.

2024 ஜூலை 18 அன்று பங்ளாதேஷில் இணையம் துண்டிக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து அகண்ட அலைவரிசை பகுதி பகுதியாக வந்தது. கைப்பேசி இணையம் வர ஜூலை 28 ஆனது. அந்த நாள்களில் இங்கிருந்தவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா? போரிலும் பேரிடரிலும் தொடர்பு அறுந்த குடும்பத்தாரைத் தேடித்தரும் சேவை சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கத்தில் இருக்கிறது. அதைப் பல மாணவர்களும், ஏன், ஆலோசகர்களுமே அறிந்திருப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1767, 1771 ஆகிய இரண்டு 24 மணி நேர மனநல உதவி எண்களும் உண்டு.

பல்கலைக்கழகம் மற்றவர்களைக் கேட்டுத்தான் செய்ய முடிந்தவை

அனுமதி அட்டையின் நீட்டிப்பு ஐசிஏயின் முடிவு. கடவுச்சீட்டு காலாவதியாகும் நிலையில், சொந்த நாட்டுத் தூதரகம் புதுப்பிக்க இழுத்தடித்தால், பல்கலைக்கழகத்தால் கடிதம்தான் எழுத முடியும். ஆனால் அந்தக் கடிதத்துக்கு எடை உண்டு. மாணவர் தனியாகப் போய் நிற்பதற்கும், "இவர் எங்கள் மாணவர், இந்தத் தேதிக்குள் படிப்பை முடிப்பார்" என்ற தாளோடு போய் நிற்பதற்கும் நிறைய வேறுபாடு.

மானிய ஒப்பந்தத்தின் 3 ஆண்டுகளைத் தள்ளிவைப்பது கல்வி அமைச்சின் கையில். படிப்பு முடிந்தவர்கள் வேலை தேட, அதிகபட்சம் ஓராண்டுக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். மியன்மார் மாணவருக்கு அந்த ஓராண்டும் மானிய ஒப்பந்தமும் சுமையாகத் தெரியாது, காப்பாகவே தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அட்டை இருப்பது வேறு, உள்ளே நுழைய முடிவது வேறு. கோவிட் பரவலால் 2021 ஏப்ரல் 23 இரவு 11.59 மணி முதல், அண்மையில் இந்தியாவில் இருந்துவந்த நீண்டகால அனுமதிதாரர்கள் சிங்கப்பூருக்குள் வர முடியாமல் போனது. மே தொடக்கத்தில் பங்ளாதேஷ், நேப்பாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகியவையும் சேர்ந்துகொண்டன. செல்லுபடியாகும் அட்டையோடு திருச்சியில் மாட்டிக்கொண்டவருக்குப் பல்கலைக்கழகம் தரக்கூடியது இணைய வகுப்பும் தொலைவழித் தேர்வும் மட்டுமே.

உதவப்போய் வம்பில் மாட்டுவது

ஊரில் கலவரம் என்றால் கூடி நின்று பதாகை பிடிக்கத் தோன்றும். சிங்கப்பூரில் வெளிநாட்டவர் அப்படிச் செய்ய முடியாது. ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில்கூட, அனுமதி இல்லாமல் ஆர்ப்பாட்டத்தில் பங்கெடுக்கலாம் என்பது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். மியன்மார் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு 2021 பிப்ரவரியில் காவல்துறை இதைப் பொதுவில் நினைவூட்டியது. பல்கலைக்கழகம் இதை முதல் நாளிலேயே, மிரட்டல் தொனி இல்லாமல், தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

நிதி திரட்டுவதும் அப்படித்தான். வெளிநாட்டு நிவாரணத்துக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறக்கொடை ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காட்டை சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணத்துக்கு அதைத் தளர்த்துவார்கள், ஆனால் கேட்டால்தான். வளாகத்தில் உண்டியல் வைப்பதைவிட, ஏற்கெனவே அனுமதி பெற்ற செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்பின் வேண்டுகோளில் சேர்ந்துகொள்வது எளிது.

ஆய்வாளர்கள்: 30 நாள் கணக்கு

மாணவரைவிட ஆய்வாளரின் நிலை சில நேரம் மோசம். ஒப்பந்தம் முடிந்தால் அவருடைய எம்ப்ளாய்மென்ட் பாஸை ஒரு வாரத்துக்குள் முதலாளி ரத்து செய்ய வேண்டும். அதன்பின் வழக்கமாகக் கிடைப்பது 30 நாள் குறுகியகால வருகை அனுமதி. மனைவி, பிள்ளைகளின் சார்ந்தோர் அனுமதியும் கூடவே போய்விடும்.

ஆபத்தில் உள்ள அறிஞர்களுக்கு இடம் தேடித்தரும் ஏற்பாடு புதிதல்ல. 1933இல் நாஜி ஆட்சி யூதப் பேராசிரியர்களைப் பதவியிலிருந்து தூக்கியபோது, லண்டனில் வில்லியம் பெவரிட்ஜ் முயற்சியால் ஓர் அமைப்பு உருவானது. ஹான்ஸ் கிரெப்ஸ், மாக்ஸ் போர்ன் போல பிறகு நோபெல் பரிசு வாங்கியவர்கள் அதன் துணையோடு கரையேறினார்கள். இன்றும் அது காரா என்ற பெயரில் இயங்குகிறது. அதே ஆண்டு சூரிக்கில் ஃபிலிப் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் தொடங்கிய அமைப்பு, பல ஜெர்மானியப் பேராசிரியர்களை இஸ்தான்புல்லுக்கு அனுப்பிவைத்தது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை இன்று நடத்தும் உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். அமெரிக்காவில் ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க், ஸ்காலர் ரெஸ்க்யூ ஃபண்ட் என்று இரண்டு உண்டு.

ஆனால் விண்ணப்பம், பரிசீலனை, ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகம், விசா என்று இவற்றில் இடம் கிடைக்க மாதக்கணக்காகும். 30 நாளில் நடக்கிற காரியம் அல்ல. ஆகவே சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் செய்யக்கூடியது, ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே ஆய்வாளரை அழைத்துப் பேசுவது. திரும்ப முடியாத நாடு என்றால், ஆய்வு நிதியில் மிச்சம் இருப்பதை வைத்து ஓராண்டு நீட்டிப்பு தர முடியுமா என்று பார்ப்பது. முடியாவிட்டால் இப்போதே அந்த வெளி அமைப்புகளுக்கு எழுதுவது. பெயர் தெரியாமல் இருப்பதே சிலருக்குப் பாதுகாப்பு. துறையின் இணையப்பக்கத்தில் படம் போட்டு "ஆபத்திலிருந்து வந்த அறிஞர்" என்று அறிமுகப்படுத்துவது, ஊரில் இருக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கு வினையாக முடியும்.

போகத்தான் வேண்டும் என்றால்: தாள்கள்

எல்லா ஏற்பாட்டுக்கும் பிறகும் சிலர் போகத்தான் செய்வார்கள். அப்போது படித்ததை எண்ணிக் காட்ட முடிய வேண்டும்.

2022இல் உக்ரேனிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கான இந்திய மருத்துவ மாணவர்கள் பட்ட பாடு தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அவ்வாண்டு செப்டம்பரில்தான் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம், பட்டத்தை உக்ரேன் பல்கலைக்கழகமே தரும் நிலையில் வேறு நாட்டில் படிப்பைத் தொடர ஆட்சேபம் இல்லை என்றது. 2023இல் சூடானில் போர் வெடித்தபோது, கார்ட்டூமின் ஒரு மருத்துவப் பல்கலைக்கழக மாணவர்கள் ருவாண்டாவில் தொடர்ந்தார்கள். சான்றிதழே இல்லாமல் வந்தவர்களுக்காக, நேர்காணல் வழியே கல்வித் தகுதியை மதிப்பிடும் 'தகுதிக் கடவுச்சீட்டு' முறையை ஐரோப்பிய மன்றம் 2017இல் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது.

பட்டம் முடித்தவர்களுக்கு சிங்கப்பூரில் கவலை குறைவு. 2019 முதல் உள்ளூர்க் கல்வி நிலையங்கள் ஓப்பன்சர்ட்ஸ் வழியே மின்னிலக்கச் சான்றிதழ் தருகின்றன. உலகில் எங்கிருந்தும் யாரும் அதைச் சரிபார்க்கலாம். பாதியில் போகிறவர்களுக்குத்தான் இடைவெளி. அவர்களை ஏற்கும் பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலோடு நிற்காது. ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடத்தினார்கள், எத்தனை மணி நேரம், ஆய்வகம் உண்டா, எந்த மொழியில் என்று கேட்கும். இரண்டு ஆண்டு கழித்து அதைக் கேட்டு எழுதும்போது பாடத்திட்டம் மாறியிருக்கும், நடத்தியவர் வேறு நாட்டில் இருப்பார். எனவே விலகும் நாளிலேயே மதிப்பெண் பட்டியல், பாட விவரக் குறிப்புகள், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கையில் கொடுக்க வேண்டும். கட்டண பாக்கி இருந்தாலும் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழக மின்னஞ்சலையும் உடனே மூடிவிடாமல் குறைந்தது ஓராண்டு திறந்து வைக்க வேண்டும். புதிய கல்லூரிகளுக்கு அவர் கொடுத்திருக்கும் முகவரி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.